ஐந்தாம் வகுப்பைக் கீழே இறக்குங்கள்

பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியருக்கும்,

கல்வியாண்டு தொடங்கிய அன்று நீங்கள் என் கையில் கொடுத்த கடிதத்தில் நாலே வரிதான் இருந்தது. ஐந்தாம் வகுப்பு இனி முதல் மாடியில் நடக்கும். என் மகள் சக்கர நாற்காலியில் வருபவள் என்பதால், 'மாணவியின் பாதுகாப்பைக் கருதி', அவளுக்குக் கீழே நூலக அறையில் தனி ஏற்பாடு. பாடத்தாள்கள் உதவியாளர் மூலம் வந்து சேரும். பெற்றோர் ஒத்துழைக்க வேண்டும்.

ஒத்துழைத்தேன். ஆறு வாரம் பொறுத்துப் பார்த்தேன். இரண்டு முறை நேரில் வந்து பேசினேன். முதல் முறை யோசிக்கிறோம் என்றீர்கள். இரண்டாம் முறை, முடிவெடுத்தாயிற்று, இனி மாற்ற முடியாது என்றீர்கள். அதனால்தான் இதை எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. உங்கள் பெயரைக் கெடுக்க வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. தவிர, இதே மாதிரிக் கடிதத்தை வேறு பள்ளிகளில் வாங்கிய பெற்றோர் சிலரை எனக்குத் தெரியும். வாசகம்தான் கொஞ்சம் மாறும், 'பாதுகாப்பு' என்ற சொல் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கும்.

நான் கேட்பது என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் கேட்கவில்லை. புதிய கட்டடம் கேட்கவில்லை. உங்கள் பள்ளியில் கீழ்த்தளத்தில் ஆறு வகுப்பறைகள் இருக்கின்றன. அதில் ஒன்றை ஐந்தாம் வகுப்புக்குக் கொடுங்கள். அந்த அறையில் இப்போது இருக்கும் வகுப்பு மாடிக்குப் போகட்டும். அந்த வகுப்பில் படிக்கும் முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளும் படியேறக்கூடியவர்கள். என் மகளால் மட்டும்தான் முடியாது. ஒரு சனிக்கிழமை காலையில் பெஞ்சுகளை மாற்றிப் போட்டால் தீர்ந்துபோகிற காரியம் இது. தூக்கிப் போட நானே ஆள் கூட்டி வருகிறேன் என்றும் உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அந்த நூலக அறை எப்படி இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று பக்கமும் பூட்டிய அலமாரி. நடுவில் ஒரு நீள மேசை. அந்த மேசையின் ஒரு ஓரத்தில் என் மகள், எதிரில் உதவியாளர். காலையில் ஒரு கோப்பில் பாடத்தாள்கள் வரும். மாலையில் அதே கோப்பு மேலே போகும். அந்த அறைக்கு நேர் மேலேதான் ஐந்தாம் வகுப்பு. மேலே பெஞ்சு இழுபடும் சத்தம் கேட்டால் குழுவாக உட்காரப் போகிறார்கள் என்று அர்த்தம் என்கிறாள். ஒரே நேரத்தில் முப்பது பேர் சிரித்தால் கூரை வழியாகக் கேட்குமாம். எதற்குச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் தோழிக்கு போன் போட்டு, "மூணாவது பீரியட்ல எதுக்குச் சிரிச்சீங்க?" என்று கேட்கிறாள். பாவம் அந்தப் பிள்ளைக்கு அதற்குள் மறந்து போயிருக்கும்.

உதவியாளர் அக்கா அன்பானவர். அவர்மேல் எனக்குத் துளியும் குறை கிடையாது. ஆனால் அவர் ஆசிரியர் இல்லை, ஆசிரியராக அவரை நீங்கள் நியமிக்கவும் இல்லை. இரண்டாவது வாரம் பின்னக் கணக்கு நடந்தது. பின்னங்களைக் கூட்டும்போது பகுதி எண்ணை எதற்குச் சமமாக்க வேண்டும், அப்படியே கூட்டினால் என்ன என்று இவளுக்குச் சந்தேகம். நல்ல சந்தேகம்தானே? வகுப்பில் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பாள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு ரெண்டு நிமிஷத்தில் புரிய வைத்திருப்பார். இவளைப் போலவே சந்தேகம் இருந்தும் கேட்கக் கூச்சப்பட்ட இன்னும் நாலு பிள்ளைகளுக்கும் அது விளங்கியிருக்கும். இங்கே என்ன நடந்தது? அக்கா மாடியேறிப் போனார். ஆசிரியர் பாடத்தின் நடுவில் இருந்தார், அப்புறம் வருகிறேன் என்றார். வரவில்லை. மறுநாள் அந்தத் தாள் சரி போட்டுத் திரும்பி வந்தது. விடை சரியாகத்தான் இருந்தது. கேள்வி அப்படியே கிடந்தது.

மூன்றாவது வாரம் அவளுடைய தோழி ஒரு காகிதத்தில் மேல்மாடி வகுப்பறையை வரைந்து கொடுத்தாள். ஜன்னல் எங்கே, கரும்பலகை எங்கே, யார் யார் எந்தப் பெஞ்சில் என்று பெயர் போட்டு. என் மகள் கேட்டு வாங்கியது அது. கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள். தான் சேர்ந்திருக்கிற வகுப்பை அவள் பார்த்தது அந்தப் படத்தில் மட்டும்தான். அதில் அவளுக்கு இடம் இல்லை. வரைந்த குழந்தையைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்த்ததைத்தான் அது வரைந்தது.

இப்போது உங்கள் காரணங்களுக்கு வருகிறேன்.

பாதுகாப்பு என்றீர்கள். மாடியில் தீப்பிடித்தால், நிலநடுக்கம் வந்தால் அவளை எப்படி இறக்குவது என்று கேட்டீர்கள். நியாயமான கவலை. அதனால்தான் வகுப்பைக் கீழே கொண்டுவரச் சொல்கிறேன். உங்கள் கவலை உண்மையானால் அதற்கு நேரடியான விடை அதுதான். அவளை வகுப்பிலிருந்து பிரிப்பது அந்தக் கவலையிலிருந்து தானாக வந்து விழும் முடிவு இல்லை. இரண்டு வழி இருந்தது, அதில் அவள் மட்டும் இழக்கிற வழியை எடுத்திருக்கிறீர்கள்.

இந்தத் தீ விபத்துக் காரணத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. ஜூடி ஹியூமன் என்ற பெண் 1947இல் அமெரிக்காவில் பிறந்தவர். ஒன்றரை வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். ஐந்து வயதில் அவருடைய அம்மா பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது, இந்த நாற்காலி தீ விபத்து நேரத்தில் ஆபத்து என்று சொல்லிச் சேர்க்க மறுத்துவிட்டார்கள். அப்புறம் வாரத்தில் சில மணி நேரம் வீட்டுக்கு ஓர் ஆசிரியர் வந்து போனார். ஒன்பது வயதில் ஒருவழியாகப் பள்ளிக்குப் போனபோது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான வகுப்பு அங்கே கட்டடத்தின் அடித்தளத்தில் நடந்தது. மற்ற பிள்ளைகள் மேலே. இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சை அடைத்தது. அவர் படித்து முடித்து ஆசிரியராக விண்ணப்பித்தார். 1970இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் உரிமம் தர மறுத்தது. அப்போதும் அதே காரணம்தான், தீப்பிடித்தால் இவர் எப்படித் தன்னையும் பிள்ளைகளையும் காப்பாற்றுவார் என்று. வழக்குப் போட்டு உரிமம் வாங்கினார். அந்த நகரத்தில் சக்கர நாற்காலியிலிருந்து பாடம் நடத்திய முதல் ஆசிரியர் அவர்தான். எழுபது வருஷத்துக்கு முன்னால் ஒரு ஐந்து வயதுக் குழந்தையிடம் சொன்ன அதே காரணத்தை இன்று என் பிள்ளைக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

மாற்று யோசனையாக, தினமும் ரெண்டு பேர் நாற்காலியோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று உங்களில் ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார் என்று நம்புகிறேன். போன வருஷ ஆண்டு விழாவுக்கு அப்படித்தான் மேல்மாடி அரங்குக்குக் கொண்டு போனார்கள். நான் பின்னாலேயே போனேன். படி திரும்புகிற இடத்தில் முன்னால் பிடித்திருந்தவருக்குக் கை நழுவியது. நாற்காலி ஒரு பக்கம் சாய்ந்தது. அவள் கத்தவில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை, பிடித்துவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாள், இன்னொரு தடவை இறங்கி ஏற வேண்டி வந்துவிடுமோ என்று. அவளுக்குப் பத்து வயது. எடை கூடிக்கொண்டே போகும். மூட்டையைத் தூக்குவது போல ஊரே பார்க்கத் தூக்கிக்கொண்டு போவதை எந்தப் பத்து வயதுப் பிள்ளைதான் விரும்பும்?

இரண்டாவது காரணம்தான் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது. "ஒரு பிள்ளைக்காக எல்லாரையும் மாற்ற முடியுமா? எங்களுக்கு எல்லாப் பிள்ளைகளும் சமம்" என்றீர்கள்.

இதற்கு உங்கள் பள்ளியிலேயே பதில் இருக்கிறது. இவள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது நாற்காலியின் கைப்பிடி பெஞ்சுக்கு அடியில் நுழையவில்லை. மேசைக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, உடம்பை முன்னால் வளைத்து எழுதுவாள். ராத்திரி முதுகு வலிக்கிறது என்று அழுவாள். வகுப்பாசிரியை அதைக் கவனித்திருக்கிறார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, கூட்டம் போடவில்லை. மறுநாள் நாலு மரக்கட்டைகளைக் கொண்டுவந்து மேசையின் நாலு காலுக்கும் அடியில் வைத்தார். மேசை உயர்ந்தது, நாற்காலி உள்ளே போனது. அவ்வளவுதான். அந்தக் கட்டைகள் மூன்றாம் வகுப்புக்கும் நான்காம் வகுப்புக்கும் அவளோடு கூடவே வந்தன. மற்ற பிள்ளைகளுக்குக் கட்டை வைக்காததால் அவர்களுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தேவை ஒன்றுதான்: மேசையில் நிமிர்ந்து உட்கார்ந்து எழுத வேண்டும். இவளுக்கு அதற்குக் கட்டை வேண்டியிருந்தது.

அந்த ஆசிரியை செய்ததற்குச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை 2006 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்டது. 2008 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. 180க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதன் இரண்டாம் பிரிவு, ஒருவருடைய தேவைக்கேற்பச் செய்யக்கூடிய நியாயமான மாற்றம் என்று ஒன்றை விளக்குகிறது. செய்பவர்மேல் அளவுக்கு மீறிய சுமையை ஏற்றாத, அந்த ஆளுக்குத் தேவையான மாற்றம். அத்தகைய மாற்றத்தைச் செய்ய மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதே பிரிவு சொல்கிறது. வெறுப்பு இருந்தால்தான் பாகுபாடு என்றில்லை. செய்ய முடிந்ததைச் செய்யாமல் விட்டாலே போதும். ஒரு சனிக்கிழமை காலையில் பெஞ்சு மாற்றுவது உங்கள்மேல் அளவுக்கு மீறிய சுமையா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

மாடி வகுப்பறைகள் பெரியவை, ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் அதிகம் என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். போய் எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பில் என் மகளோடு சேர்த்து 34 பேர். கீழே மூன்றாம் வகுப்பு நடக்கும் அறையில் இப்போது 36 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அறிவியல் ஆய்வுக்கூடம் மாடியில்தான் இருக்கிறது, அதை இறக்க முடியாது என்பது உண்மை. அதை நான் மறுக்கவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட்தான் ஆய்வுக்கூடம். அந்த வயதுப் பாடத்துக்குத் தேவையான காந்தமும் லென்ஸும் மின்கல விளக்கும் ஒரு தட்டில் அடங்கிவிடும். தட்டு இறங்கி வரட்டும். மேல் வகுப்புகளுக்குப் போகும்போது என்ன செய்வது என்பதற்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது, உட்கார்ந்து பேசலாம்.

வேறு சில பெற்றோர், இந்த மாதிரிப் பிள்ளை வகுப்பில் இருந்தால் பாடம் மெதுவாகப் போகும் என்று முறையிட்டதாகவும் சொன்னீர்கள். நாலு வருஷம் அவள் அந்தப் பிள்ளைகளோடுதான் படித்தாள். எந்தப் பாடம் அவளால் தாமதமானது என்று ஆசிரியர்களைக் கேளுங்கள். முறையிட்டவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு உங்களுக்கு இருக்கிறது. அவர்களுடைய அச்சத்தை என் மகள் மீது தீர்ப்பாக எழுதிவிடாதீர்கள்.

சிறப்புப் பள்ளி பற்றியும் மறைமுகமாகச் சொன்னீர்கள். அவளுக்கு இருப்பது பெருமூளை வாதம். கால்கள் ஒத்துழைக்காது, வலது கை கொஞ்சம் இறுக்கம், வேகமாகப் பேசினால் சொல் குழறும். அவள் எங்கே படிப்பது என்று முடிவு செய்ய இதில் எதுவும் காரணமாகாது. இதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.

உங்கள் இணையப் பக்கத்தில் 'உள்ளடக்கிய கல்வி தரும் பள்ளி' என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை நம்பித்தான் அவளை இங்கே சேர்த்தேன். அதற்குப் பொருள் என்ன என்பதை ஐ.நா. உடன்படிக்கையின் 24ஆம் பிரிவுக்கு 2016இல் வெளியிட்ட விளக்கவுரை தெளிவாகவே பிரித்துச் சொல்கிறது. பள்ளிக்குள்ளேயே விடாமல் இருப்பது விலக்கல். மற்றவர்களிடமிருந்து தனியாக வைத்துக் கற்பிப்பது பிரித்துவைத்தல். பள்ளியை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கேற்ப நீ உன்னைச் சரிப்படுத்திக்கொள் என்று குழந்தையிடம் சொல்வது வெறும் இணைத்தல். பாடம், முறை, கட்டடம், மனப்போக்கு என்று பள்ளி தன்னை மாற்றிக்கொண்டால்தான் உள்ளடக்கல். இதை வைத்து அந்த நூலக அறையைப் பாருங்கள். ஒரே கூரை, ஒரே சீருடை, வருகைப் பதிவேட்டில் ஒரே பக்கம். நடப்பது பிரித்துவைத்தல். உங்கள் கணக்கில் அவள் தினமும் பள்ளிக்கு வருகிறாள், வருகை நூற்றுக்கு நூறு. அந்த நூறை நான் ஏற்க மாட்டேன்.

யுனிசெஃப் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்தில் கிட்டத்தட்ட 24 கோடிக் குழந்தைகள் ஏதோ ஒரு மாற்றுத்திறனோடு வாழ்கிறார்கள். பத்தில் ஒரு குழந்தை. மற்ற குழந்தைகளோடு ஒப்பிட்டால், பள்ளி வாசலையே மிதிக்காமல் போகும் வாய்ப்பு இவர்களுக்கு 49 சதவீதம் அதிகம் என்கிறது அந்த அறிக்கை. அதைப் படிக்கும்போது, என் மகள் உள்ளே போய்விட்டாளே என்று ஒரு காலத்தில் நிம்மதிப்பட்டிருக்கிறேன். உள்ளே போன பிறகும் ஒரு குழந்தையை வெளியே வைக்க முடியும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தண்ணீர் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அவள் காலையில் எடுத்துப் போகும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வரும். மறதி என்று நினைத்து ரொம்ப நாள் திட்டியிருக்கிறேன். நான்காம் வகுப்பில்தான் ஒருநாள் சொன்னாள், குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும் என்று. போய்ப் பார்த்தேன். கீழ்த்தளத்தில் சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் ஒரு கழிப்பறை இருக்கத்தான் செய்கிறது. கதவில் நாற்காலிப் படமும் ஒட்டியிருக்கிறது. உள்ளே துடைப்பம், வாளிகள், பினாயில் கேன், உடைந்த இரண்டு நாற்காலி. பூட்டி, சாவி அலுவலகத்தில். சாவி வாங்கி, சாமான்களை நகர்த்தி, உள்ளே போவதற்குள் இடைவேளை முடிந்துவிடும். அதனால் அவள் கண்டுபிடித்த வழி, காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பது. இரண்டு முறை சிறுநீர்த் தொற்று வந்து மருந்து சாப்பிட்டாள். இதை எழுத்தில் கொடுத்து பதினோரு மாதம் ஆகிறது. துடைப்பம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

வாசலில் இருக்கும் சாய்தளத்தை டேப் வைத்து அளந்தேன். உயரம் 2 அடி, நீளம் 7 அடி. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பதுதான் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அப்படிப் பார்த்தால் அது 24 அடி இருக்க வேண்டும். இப்போது இருப்பதில் அவளால் தானாக ஏற முடியாது. இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, பின்பக்கமாக மெல்ல மெல்ல இறக்க வேண்டும், இல்லையென்றால் முன்னால் கவிழ்ந்துவிடும். கட்டியவர் யாரையாவது ஒரு நாற்காலியில் உட்கார வைத்து ஒரு தடவை தள்ளிப் பார்த்திருக்கலாம்.

இதெல்லாம் முடியாத காரியம் இல்லை என்று எனக்குக் காட்டியவர்கள் உங்கள் பள்ளிப் பிள்ளைகளே. ஒன்றாம் வகுப்பில் ஓடிப்பிடித்து விளையாட்டில் இவளை எப்படிச் சேர்ப்பது என்று அவர்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. அவர்களே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள். இவள் துரத்தும்போது மற்றவர்கள் ஒற்றைக் காலில்தான் நொண்ட வேண்டும். இவளைத் துரத்தும்போது சக்கரத்தைத் தொட்டாலும் அவுட். கொஞ்ச நாளில் இவள் சட்டென்று நாற்காலியைத் திருப்புவதில் கெட்டிக்காரி ஆகிவிட்டாள், நொண்டுகிறவர்கள் தோற்றுப்போய்ச் சண்டை போட்டார்கள், விதியைத் திருத்தினார்கள். அவள் சண்டை போட்டுவிட்டு வந்து புலம்பிய அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இப்போது ஏக்கமாக இருக்கிறது. இந்த ஆறு வாரத்தில் அவள் யாரோடும் சண்டை போடவில்லை.

என் மகளுக்காக மட்டும் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். மாலையில் வாசலில் காத்திருக்கும்போது மற்ற அம்மா அப்பாக்களோடு பேசுவேன். காது சரியாகக் கேட்காத ஒரு பையனை உயரமாக இருக்கிறான் என்று கடைசி வரிசையில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஆசிரியரின் உதடு தெரியாமல் அவன் எப்படிப் பாடம் கேட்பான்? ஆட்டிசம் உள்ள இன்னொரு பிள்ளையின் அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்குப் பள்ளியிலிருந்து போன் வருகிறது, இன்றைக்கு ரொம்பச் சத்தம் போடுகிறான், வந்து கூட்டிப் போங்கள் என்று. அவர் வேலையை விட்டுவிட்டார். மணியடிக்கும் சத்தம்தான் அந்தப் பிள்ளைக்குத் தாங்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை உங்களிடம் சொல்ல அவருக்குப் பயம். சொன்னால் அடுத்த வருஷம் இடம் கிடைக்காதோ என்ற பயம். எழுத்தில் எந்தப் பிள்ளையையும் நீங்கள் நீக்கவில்லை. ஆனால் இப்படி அரை நாளாக, கடைசிப் பெஞ்சாக, நூலக அறையாக, கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பிள்ளைகள் பள்ளியை விட்டு நகர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு முடிவுகளிலும் ஒரு தடவைகூட யாரும் அவளைக் கேட்கவில்லை. அதே உடன்படிக்கையின் ஏழாம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குத் தங்களைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமை உண்டு என்கிறது. அதைச் சொல்ல அவர்களுக்கு வேண்டிய உதவியும் தர வேண்டும் என்கிறது. கேட்காமல் எடுத்த முடிவு எவ்வளவு காலம் கெடுதல் செய்யும் என்பதற்கு மிலான் நகரத்தில் 1880இல் நடந்த மாநாடு ஒன்று போதும். பெரும்பாலும் காது கேட்கும் ஆசிரியர்கள் கூடி, காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகை மொழியில் கற்பிக்கக் கூடாது, பேச்சு வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பல நாடுகளில் பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு வளர வேண்டியதாயிற்று. அந்தத் தீர்மானங்களைத் தவறென்று ஒதுக்கி, அதே மாநாட்டின் வழிவந்த அமைப்பு வருத்தம் தெரிவித்தது 2010இல். 130 வருஷம் ஆயிற்று. என் மகளுக்கு ஐந்தாம் வகுப்பு ஒரே ஒரு வருஷம்தான், அதில் ஆறு வாரம் போய்விட்டது.

இனி என் கோரிக்கைகள்.

இந்த மாதம் முடிவதற்குள் ஐந்தாம் வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். எந்த அறை என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். அவள் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது இதே பேச்சை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்காமல், அவள் படிக்கும் வகுப்பு எதுவானாலும் கீழே நடக்கும் என்று இப்போதே எழுத்தில் கொடுங்கள். தவறவிட்ட ஆறு வாரப் பாடத்துக்கு, வகுப்பாசிரியர் அவளோடு நேரடியாக உட்கார்ந்து சொல்லித் தர நேரம் ஒதுக்குங்கள். பின்னக் கணக்கிலிருந்து தொடங்கட்டும். உதவியாளர் அக்கா வகுப்பறைக்குள்ளேயே அவளுக்கு உதவட்டும்.

கழிப்பறையை நாளைக்கே காலி செய்யுங்கள், பூட்டை எடுத்துவிடுங்கள். இதற்குக் கூட்டமோ பணமோ தேவையில்லை. சாய்தளத்தை அடுத்த நீண்ட விடுமுறைக்குள் சரியான அளவில் மாற்றிக் கட்டுங்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி வையுங்கள். கட்டும் முன்னால் அதைப் பயன்படுத்தப்போகிறவர்களிடம் வரைபடத்தைக் காட்டுங்கள்.

காது கேளாத அந்தப் பையனை முன் வரிசைக்குக் கொண்டுவாருங்கள். பெற்றோரைப் பாதி நாளில் கூப்பிட்டுப் பிள்ளையை அனுப்பும் வழக்கத்தை நிறுத்துங்கள். அப்படி அனுப்ப வேண்டிவந்தால் காரணத்தை ஒவ்வொரு முறையும் எழுத்தில் கொடுங்கள். எல்லா ஆசிரியர்களுக்கும், ஒரு நாள் சொற்பொழிவாக இல்லாமல், தங்கள் வகுப்பில் இருக்கும் குழந்தைகளை வைத்தே பயிற்சி கொடுங்கள். அந்த மரக்கட்டை ஆசிரியையை அதற்கு முன்னால் நிறுத்துங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளின் பெற்றோர் இருவரையாவது நிர்வாகக் குழுவில் சேருங்கள்.

என் மகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் கூட இருக்க வேண்டும் என்றில்லை. அவள் சொல்லி முடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும், இடையில் புகுந்து நீங்களே வாக்கியத்தை முடித்துவிடாதீர்கள்.

இந்த மடலுக்குப் பதினைந்து நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் வேண்டும். எதை ஏற்கிறீர்கள், எதை எப்போது செய்வீர்கள், எதை மறுக்கிறீர்கள், என்ன காரணத்தால் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். பதில் வராவிட்டால் கல்வித் துறைக்கும் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைக் கவனிக்கும் ஆணையத்துக்கும் இதே விவரங்களோடு முறையிடுவேன், மற்ற பெற்றோரும் கையெழுத்திடத் தயாராக இருக்கிறார்கள். பதிலின் ஒரு பிரதியை என் மகளின் பெயருக்கும் அனுப்புங்கள். அவளுக்குப் புரிகிற தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா